சைகை செய்ய வருகிறது, அவர்கள் பேசினால் பிடிபடவில்லை: இதைத் தொழிலாக்குவது எப்படி?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். பி.காம். முடித்தவர். காது கேளாத அத்தை மகனோடு சிறு வயதிலிருந்தே கைச்சாடையில் பேசிப் பழகியவர். செயலியிலும் யூடியூபிலும் பார்த்துச் சில நூறு சைகைகளை மனப்பாடம் செய்திருக்கிறார். அவர் சைகை செய்தால் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது. ஆனால் காது கேளாதவர்கள் நான்கு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டால் இவருக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. காது கேளாதோருக்குப் பயன்படும் வேலைக்குப் போக விரும்புகிறார். ஊரில் இருந்துகொண்டே திறமையை எப்படி வளர்ப்பது, எங்கே படிப்பது, அத்தை மகனுக்கு மருத்துவமனையில் தானே மொழிபெயர்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் பல ஆண்டுகளாகச் சைகை மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் குறையை நீங்களே சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கற்க வருபவர்களில் பெரும்பாலோர் கையைத்தான் பழக்குகிறார்கள், கண் பின்தங்கிவிடுகிறது. நாம் சைகை செய்யும்போது தெரிந்த சொல்லை நாமே தேர்ந்தெடுக்கிறோம். காது கேளாதவர் பேசும்போது தேர்வு அவருடையது. தாசில்தார் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ உங்கள் வேலையில் பாதி, காது கேளாதவர் சொல்வதைப் பார்த்து அதற்குத் தமிழில் குரல் கொடுப்பது. அங்கே நீங்கள் பிசகினால் அதிகாரி தவறாகக் கேட்டுக்கொள்வார். தன் பேச்சு தவறாகப் போய்ச் சேர்ந்தது என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. ஆகவே அடுத்த ஆறு மாதத்துக்குப் புதுச் சைகை சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டு, பார்ப்பதைக் கூட்டுங்கள்.

பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. புதிதாகக் கற்பவர் எதிராளியின் கைகளையே துரத்துவார். பழகியவர் முகத்தைப் பார்ப்பார். கண் அவருடைய வாய்க்கும் கண்ணுக்கும் இடையில் நிலைத்திருக்கும், கைகள் பார்வையின் ஓரத்தில் தானாக வந்து விழும். இலக்கணத்தில் பெரும்பங்கு முகத்தில்தான் இருக்கிறது. புருவம், கன்னம், தலையின் சாய்வு இவை மாறினால் சாதாரண வாக்கியம் கேள்வியாகிவிடும், உறுதிமொழி சந்தேகமாகிவிடும். கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவை அத்தனையும் தவறிப்போகும்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று சொல்கிறேன். டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதன் யூடியூப் பக்கத்தில் காது கேளாதவர்களே பேசும் காணொளிகள் நிறைய உண்டு. இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள். ஒலியை அணைத்து, எழுத்து வரும் இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். இயல்பான வேகத்தில் முழுதாக ஒரு முறை பாருங்கள். நிறுத்தாதீர்கள். முடிந்ததும் என்ன விஷயம் என்று வாய்விட்டு மூன்று வாக்கியம் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தச் சைகைகளோடு கூடவே குரல் கொடுங்கள். அதன்பிறகுதான் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதும், எழுத்தைத் திறந்து சரிபார்ப்பதும். தெரியாத ஒரு சைகை வந்ததும் அங்கேயே நின்றுவிடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது; நீங்கள் நிற்பதற்குள் அவர் நான்கு வாக்கியம் தாண்டிப் போயிருப்பார். அந்தச் சைகையை விட்டுவிட்டு மேலே போய், முன்பின் வருவதை வைத்து ஊகிக்கப் பழகவேண்டும்.

அதே மையத்தின் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021இல் 10,000 சொற்களை எட்டியது. 'சைன் லேர்ன்' என்ற செயலி அதை அடிப்படையாகக் கொண்டதுதான். நல்ல கருவி, சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அகராதியை உருப்போட்டு யாரும் தமிழ் பேசக் கற்றதில்லை. இன்னொரு எச்சரிக்கை: யூடியூபில் கண்ணில் படுவதில் கணிசமானவை அமெரிக்கச் சைகைகள். ஒரு கையால் ஆங்கில எழுத்துக்களைக் காட்டினால் அது அமெரிக்க முறை. நம் இந்தியச் சைகை மொழியில் எழுத்துகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். நீங்கள் மனப்பாடம் செய்த சில நூறில் எத்தனை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு நாள் உட்கார்ந்து சலித்துப் பாருங்கள்.

இனி இலக்கணம். தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு சிறு சலுகை உண்டு. இந்தியச் சைகை மொழியில் வினை கடைசியில் வரும்; கேள்விச் சொல்லும் 'இல்லை' என்பதும் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில்தான் வரும். 'உங்கள் பெயர் என்ன' என்பது வரிசை மாறாமல் அப்படியே பொருந்திவிடுகிறது. அதனால்தான் நம்மவர்கள் தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையில் போட்டுவிட்டு மொழி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வேற்றுமை உருபு வருகிற இடத்தில் அந்தச் சாயம் வெளுத்துவிடும். 'நான் உங்களுக்குக் கொடுத்தேன்' என்பதற்கு மூன்று சைகை தேவையில்லை. கொடுக்கும் கை என்னிடமிருந்து உங்களை நோக்கிப் போனாலே போதும். திசை மாறினால் கொடுத்தவரும் வாங்கியவரும் இடம் மாறிவிடுவார்கள்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் வந்து, முன்னால் போன காரை இடிக்கிறது. கார் பள்ளத்தில் கவிழ்கிறது. புதியவர் இதைத் தொப்பூர், மலை, லாரி, பிரேக், இல்லை, கார், இடி, பள்ளம், விழு என்று வரிசையாக அடுக்குவார். நன்றாகப் பேசும் காது கேளாதவர் செய்வது வேறு. முதலில் கையால் காற்றில் ஒரு சரிவை வரைந்து நிறுத்துவார். முன்னால் போகும் காராக ஒரு கை மெதுவாக இறங்கும். பின்னால் லாரியாக மற்றொரு கை, கன்னம் உப்ப, கண் விரிய, நிதானமில்லாமல் இறங்கும். இரண்டும் முட்டும் இடம், முட்டிய பக்கம், காராக இருந்த கை எந்தப் புறமாகத் திரும்பி விளிம்பைத் தாண்டிப் புரள்கிறது என்பது வரை எல்லாம் அந்தச் சில நொடிகளுக்குள் இருக்கும். வழக்கு எழுதும் காவல் அதிகாரி கேட்கப்போவதும் அதையேதான்: லாரி எந்தப் பக்கமாக வந்தது, கார் நின்றிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா? கண்ணெதிரே காட்டப்பட்ட இந்த விடையைப் பார்க்கத் தெரியாமல் 'லாரி காரை இடித்துவிட்டது என்கிறார்' என்று ஒரு வரியில் முடித்துவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்த இடவழிப் பேச்சுதான் உங்களுக்குப் பிடிபடாமல் போவது என்பது என் ஊகம். அகராதியில் இதற்குப் பதிவே கிடையாது. ஆட்களிடம்தான் கற்கவேண்டும்.

ஆட்கள் எங்கே? உங்கள் அத்தை மகன்தான் முதல் வாசல். அவருடைய பள்ளித் தோழர்கள் யார், மாதக் கூட்டம் எங்கே நடக்கிறது, மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் எங்கே கூடுகிறது என்று கேளுங்கள். செப்டம்பர் 23 உலகச் சைகை மொழிகள் நாள். அந்த வாரத்தில் மாவட்டந்தோறும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் காது கேளாத இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் விடுகிற நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் கை பேசும் கூட்டத்தைப் பார்க்கலாம். முன்பின் தெரியாமல் போய் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அறிமுகத்தோடு போங்கள், உட்காருங்கள், முதல் சில வாரம் வாயைத் திறக்காமல் கையையும் அடக்கிக்கொண்டு பாருங்கள். 'என்ன சொன்னார்' என்று பக்கத்தில் இருப்பவரை நச்சரிக்கவும் வேண்டாம். இந்தக் கட்டம் அலுப்பாகத்தான் இருக்கும்.

முறையாகக் கற்றுத்தர ஒருவரை ஏற்படுத்திக்கொண்டால் அவருக்குக் காசு கொடுங்கள். கணக்கு டியூஷனுக்குக் கொடுப்போம், ஆங்கில வகுப்புக்குக் கொடுப்போம். காது கேளாதவர் தன் மொழியைக் கற்றுத் தந்தால் மட்டும் அது நட்புக்காக என்று எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தேன்கனிக்கோட்டையிலும் தளியிலும் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள், கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு, பள்ளி தமிழில். காது கேளாதவர் சைகையோடு சேர்த்து உதட்டையும் அசைப்பார். அந்த உதடு அம்மாவின் மொழியில் அசையும், சில நேரம் பள்ளியின் மொழியில். உதட்டை நம்பிப் பொருள் கொள்பவர் இங்கே தடுமாறுவார். பெங்களூரு கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஓசூர் இளைஞர்களின் கையில் அந்த நகரத்துச் சைகைகளும் கலந்திருக்கும். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர் கொண்டுவருவது வேறாக இருக்கும். இதைக் கண்டு மலைக்கவேண்டாம். 1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டாவும் ஜேம்ஸ் வுட்வர்டும் சகாக்களும் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூரு நகரங்களில் ஆராய்ந்து, சொல் வேறுபட்டாலும் இவை ஒரே மொழியின் வட்டார வழக்குகள்தாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். வசிஷ்டா தாமே சிறுவயதில் கேட்கும் திறனை இழந்தவர், இமாசலக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். எண், நிறம், உறவுமுறை, கிழமை, ஊர்ப் பெயர் இவற்றில்தான் மாறுபாடு அதிகம் கண்ணில் படும். ஊர்களுக்கான சைகைகளை உள்ளூர்க்காரரிடம் மட்டுமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். காரிமங்கலமும் ஊத்தங்கரையும் எந்த டெல்லி அகராதியிலும் இருக்காது. உங்களுக்கான பெயர்ச்சைகையையும் நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள். அவர்கள் வைப்பார்கள். பெரும்பாலும் அது உங்கள் மூக்கையோ தழும்பையோ குறிவைத்து வரும்; கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். பள்ளிப்படியே மிதிக்காமல், பென்னாகரம் அஞ்செட்டி மலைக் கிராமங்களில் வளர்ந்து, வீட்டார் மட்டுமே அறிந்த சாடைகளோடு வாழும் பெரியவர்கள். சொந்தத்துக்குள் திருமணம் செய்த சில குடும்பங்களில் அண்ணன் தங்கை என்று இரண்டு மூன்று பேருக்குக் காது கேட்காமல் இருக்கும். அவர்களுக்குள் ஒரு வீட்டுச் சைகையே உருவாகியிருக்கும். இவர்களிடம் நீங்கள் கற்ற சைகை எடுபடாது. இங்கே காது கேளாத ஒருவரையே துணை மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொள்வதுதான் சரியான வழி. நீங்கள் சைகை மொழியில் அவருக்குச் சொல்ல, அவர் அந்தப் பெரியவருக்குப் பொருத்தமாக நடித்தும் வரைந்தும் பொருளைச் சுட்டியும் கொண்டுசேர்ப்பார். நான் பார்த்தவரை நம் அலுவலகங்கள் இதற்கு ஒருமுறைக்கு ஒன்பதுமுறை முகம் சுளிக்கும். இரண்டு பேர் எதற்கு என்பார்கள். விடாமல் கேளுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். தொழிலுக்கான தகுதி, இந்தியச் சைகை மொழி மொழிபெயர்ப்பு டிப்ளமா. இரண்டு ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் சேரலாம், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்றது. டெல்லி மையத்திலும், மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்திலும் இந்தப் படிப்பு உண்டு. நமக்குப் பக்கம் கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா மிஷன் வித்யாலயா வளாகம்; 2001இலேயே சைகை மொழி அகராதி கொண்டுவந்த இடம். எந்த நிறுவனமாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மறுவாழ்வு மன்றத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். 'மூன்று மாதத்தில் மொழிபெயர்ப்பாளர்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் அடிப்படை கற்கலாம், தவறில்லை. அந்தச் சான்றிதழை நீட்டி நீதிமன்றப் படி ஏற முடியாது. சைகை மொழி கற்பிக்கும் டிப்ளமா ஒன்றும் இருக்கிறது, அது காது கேளாதவர்களுக்கானது. உங்கள் அத்தை மகனிடம் சொல்லிவையுங்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றி இனிக்கப் பேச மாட்டேன். தர்மபுரியில் சைகை மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில் மாதச் சம்பள வேலைகள் மிகக் குறைவு. இங்கே பிழைப்பவர்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். ஒரு வழி, செவித்திறன் குறையுள்ளோருக்கான சிறப்புக் கல்வியில் பி.எட். படித்து ஆசிரியராவது. பி.காம். பட்டத்தை ஏற்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் நெடுங்காலம் உதட்டசைவைப் பார்த்துப் பேசுவதற்கே பயிற்சி கொடுத்தார்கள். சைகை விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும்தான் வளர்ந்தது. சைகையில் சரளமாகப் பேசும் ஆசிரியர் அந்த வகுப்பறைக்கு எவ்வளவு அருமை என்று எண்ணிப் பாருங்கள். இன்னொரு வழி ஓசூர். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் தொழிற்சாலைகள் பாதுகாப்புப் பயிற்சிக்கும் புதியவர்கள் சேரும் நாளுக்கும் மொழிபெயர்ப்பாளரை அழைக்கின்றன. மனிதவளப் பிரிவிலேயே சேர்ந்துவிட்டவர்களும் உண்டு. மூன்றாவது காணொளி வழி மொழிபெயர்ப்பு: நல்ல இணைய இணைப்பும் பின்னால் வெற்றுச் சுவரும் இருந்தால் பாலக்கோட்டிலிருந்தே பெங்களூரு வங்கிக்கு வேலை செய்யலாம்.

நீதிமன்றமும் காவல் நிலையமும் வளர்ந்துவரும் களம். பேச இயலாத சாட்சி சைகையில் சாட்சியம் சொன்னால், நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற வேண்டும், அதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 2013இல் வந்த இந்த ஏற்பாடு, புதிய பாரதிய சாட்சிய அதினியத்தில் 125ஆம் பிரிவாக இருக்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அதன்பிறகு பலருக்கும் இந்தத் தொழில்மேல் கண் விழுந்தது. ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நீதிமன்றப் பணியை ஒப்புக்கொள்ளாதீர்கள். 'அவர் தள்ளினார்' என்பதற்கும் 'அவர் மேலே மோதினார்' என்பதற்கும் கை அசைவில் இருக்கும் இடைவெளி சிறியது, தண்டனையில் பெரியது.

துறைச் சொற்களை அந்தந்த இடத்திலேயே கற்பது நல்லது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. மனுவோடு வரும் காது கேளாதவர் யாரையாவது அறிந்திருந்தால், மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு போய் ஓரமாக நின்று கவனியுங்கள். பட்டா, உதவித்தொகை, தனித்துவ அடையாள அட்டை, மறுபரிசீலனை. இவற்றில் பாதிக்குத் தனிச் சைகை இருக்காது, விளக்கித்தான் சொல்ல வேண்டும். விளக்க வேண்டுமானால் அந்த நடைமுறை உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தினமும் செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்து அறிவிப்பு ஒன்றை எடுத்து, முதலில் எளிய தமிழில் சொல்லி, பிறகு சைகையில் செய்து கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து அதையே அத்தை மகனிடம் காட்டி, என்ன சொல்லியிருக்கிறேன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்கள் மதிப்பெண்.

'புரிந்ததா' என்று மட்டும் கேட்காதீர்கள். காது கேளாதவர்களில் பலர், கேட்பவர் மனம் நோகக் கூடாது என்றோ, மறுபடி கேட்டால் எரிந்துவிழுவார்கள் என்ற பழைய அனுபவத்தாலோ தலையாட்டிவிடுவார்கள். மருத்துவமனையில் இந்தத் தலையாட்டல் ஆபத்தானது. 'காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மாத்திரை' என்கிறார் மருத்துவர். இதை அப்படியே வரிசையாகச் சாப்பாடு, முன்னால், மாத்திரை என்று காட்டினால், சாப்பாட்டை முதலில் பார்த்தவர் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவார். நடக்கும் வரிசையில் காட்டுங்கள்: காலை, மாத்திரை, இரண்டாக உடைத்து ஒரு பாதி, விழுங்கு, சற்றுப் பொறு, பிறகு சாப்பாடு. இரவும் அதே. 'மூன்று நாளில் காய்ச்சல் நிற்காவிட்டால் வாருங்கள்' என்பதில் அந்த 'விட்டால்' முழுதும் முகத்தில் இருக்கிறது. காய்ச்சல் நிற்காததைப் புருவம் உயர்த்திச் சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, அதன்பிறகு வருவதைச் சொல்லவேண்டும். முடித்ததும், வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

தொழில் ஒழுங்கைப் பற்றிச் சுருக்கமாக. 'அவர் வயிறு வலிக்கிறது என்கிறார்' என்று சொல்லாமல் 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்று அவர் குரலாகவே பேசுங்கள். பேசுபவருக்குப் பக்கத்தில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் கருப்பாகத்தான் தெரியும். உடை ஒரே நிறம், உங்கள் தோல் நிறத்திலிருந்து மாறுபட்டது. விழா மேடைக்குப் பட்டுப்புடவையும் கை நிறைய வளையலுமாக வந்து நிற்கும் சகோதரிகளைப் பார்க்கும்போது அழகாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் பார்ப்பவர் கண் வலிக்கிறது. அரை மணிக்கு மேல் ஓடும் நிகழ்ச்சிக்கு இன்னொருவரைக் கேளுங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் பிழை கூடும், அது உங்களுக்கே தெரியாது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. சிறிய ஊரில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவருடைய மைத்துனர்தான் உட்கார்ந்திருப்பார்.

அத்தை மகன் விஷயம். காய்ச்சல், பல்வலி, கண்ணாடி மாற்றுவது இவற்றுக்கு நீங்களே போங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து, சொத்துப் பாகப்பிரிவினை, காவல் நிலையப் புகார், பெண் பார்க்கும் பேச்சு இவற்றுக்கு வேண்டாம். அங்கே நீங்கள் குடும்பத்து ஆள். அவருக்கு எது நல்லது என்று உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், அது உங்களை அறியாமலே கையில் வந்துவிடும். மருத்துவர் சொன்ன ஆபத்தைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்லத் தோன்றும். அப்பா அருகில் நிற்கும்போது அத்தை மகன் சொன்ன மறுப்பைப் பாதியாக்கத் தோன்றும். அப்படிப்பட்ட நாளுக்கு வெளியாள் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு, நீங்கள் அத்தை மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உறவினராக உட்காருங்கள். யாரை அழைப்பது என்பதையும் அத்தை மகனிடமே கேளுங்கள். மாவட்டத்தில் யாருடைய கையை நம்பலாம் என்பது அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் நன்றாகத் தெரியும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தாலும் பெயர் கிடைக்கும், ஒரு வாரம் முன்னதாகவே கேளுங்கள்.